மரங்கொத்திக்கு விழாத ஓட்டு

எந்த பிரவுசரை உலகத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று போன வாரம் செய்தித்தாளில் வண்ண வண்ணமாக ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். நான் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு மரங்கொத்தியைத் தேடினேன். இல்லை. 'மற்றவை' என்று சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று இருந்தது. அதற்குள் எங்கேயாவது ஒண்டிக்கொண்டிருக்கும். காபி ஆறிப்போகும்வரை அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரித்தால் சிரியுங்கள், எனக்கு அவன் ஞாபகம் வந்துவிட்டது.

மரங்கொத்தி என்பது ஒரு பிரவுசர். அதை எங்கள் நூலகத்துக்குக் கொண்டுவந்தவனுக்கும் அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ள வந்தவன் அவன். அந்த அறைக்கு நேர் எதிரே, புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்ட்டரில் நான். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. ஒல்லியான ஆள், சட்டைப் பையில் பேனா இருக்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பேசும்போது விரலால் மேசையை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே பேசுவான். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் என்னை அக்கா என்பான். நான் நல்ல மனநிலையில் இருந்தால் தம்பி என்பேன், இல்லாவிட்டால் டா.

அதற்கு முன்னால் அவன் பார்க்காத வேலை இல்லை. கல்லூரியைப் பாதியில் விட்டான், டிவி ரிப்பேர் கடையில் இருந்தான், வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றான். எதிலும் கால் ஊன்றவில்லை. மருந்துக்கடையில் வேலை செய்கிற அவன் மனைவிதான் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். "இந்த ரூம்ல வந்து உக்காந்தப்பறம்தான்கா, காலைல எழுந்தா எங்க போகணும்னு எனக்குத் தெரியுது" என்று ஒரு முறை சொன்னான்.

அறை என்ன பெரிய அறை. ஏதோ ஒரு அலுவலகம் கழித்துக்கட்டிய பத்துக் கம்ப்யூட்டர்கள், வரிசைக்கு ஐந்தாக. ஒவ்வொன்றும் பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கும். அப்போது எல்லோருக்கும் தெரிந்தது நீலப் பந்து என்கிற ஒரே பிரவுசர்தான். பெரிய கம்பெனிச் சரக்கு. அதைத் திறந்தால் இந்தக் கிழட்டு இயந்திரங்கள் அப்படியே உறைந்துபோகும். அவன் வந்த முதல் மாதமே எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு, யாரோ ஊர் பேர் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருந்த மென்பொருள்களைப் போட்டான். பிரவுசருக்கு மரங்கொத்தி. இயந்திரங்கள் சாகக் கிடந்து பிழைத்தவர்களைப் போல எழுந்து ஓடின.

ஆனால் ஜனங்கள் விடுவார்களா? அடுத்த நாளே என் கவுன்ட்டருக்குப் புகார் வந்துவிட்டது. முதலில் வந்தவர் தையல்காரம்மா. வெளிநாட்டில் இருக்கிற மகன் அனுப்பும் மெயிலைப் படிக்க வாரத்துக்கு இரண்டு முறை வருவார். "என்னம்மா, இன்டர்நெட்டை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. பந்தைக் காணோம், ஏதோ குருவி உக்காந்திருக்கு" என்றார்.

மரங்கொத்தி பொறுமையாக விளக்கினான். இன்டர்நெட் வேறு, அதைத் திறக்கிற பிரவுசர் வேறு, இது மூலநிரலை ஒளிக்காதது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அந்த அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, பந்து எப்ப வரும்?" என்றார். ஒரு வாரம் இதே கூத்து. வந்தவர்கள் குருவியைப் பார்த்துவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் காலையில் பார்த்தால், பத்துத் திரையிலும் பந்து உட்கார்ந்திருந்தது. "கைவிட்டுட்டியா?" என்றேன்.

"இல்லக்கா. உள்ள மரங்கொத்திதான். படத்தை மட்டும் மாத்தி ஒட்டிட்டேன்."

அதோடு நிற்கவில்லை. ஒரு பிரவுசர் எந்த இணையதளத்தின் வாசலுக்குப் போனாலும் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டுமாம். அந்தக் காலத்தில் பாதித் தளங்கள் நீலப் பந்து என்றால்தான் கதவைத் திறக்கும். அதனால் மரங்கொத்தியையும், 'நான் நீலப் பந்து' என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகும்படி மாற்றி வைத்திருந்தான்.

"இது ஏமாத்து வேலை இல்லையாடா?"

"அவங்க பேரைப் பாக்கவா வர்றாங்க? வேலை நடந்தா சரி." டொக் டொக்.

வேலை நடந்தது. நான்கு வருடம் அமோகமாக நடந்தது. அந்த அறை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்பது அந்த வருடங்கள்தான். மழைக்காலத்தில் ஈரக் குடைகள் கண்ணாடித் தடுப்பில் சாய்ந்திருக்கும். மெயிலைப் படித்துவிட்டு ஒருவர் சிரிப்பார், ஒருவர் மூக்கைச் சிந்துவார். அவன் இயந்திரத்துக்கு இயந்திரம் தாவிக்கொண்டிருப்பான்.

நாலு மணி டீக்கு பழைய செய்தித்தாள் கட்டி வைத்திருக்கும் அறையில் கூடுவோம். அங்கேதான் சண்டை. எதிர்க்கட்சி எங்கள் கணக்கர். நீலப் பந்து என்னவோ அவர் மாமனார் வீட்டுச் சொத்து போலப் பேசுவார். ஏதாவது ஒரு பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்து, "பாருய்யா, நூத்துக்குத் தொண்ணூறு பேர் பந்து. உன் குருவிக்கு மூணு. உலகமே ஒரு பக்கம் போகுது, நீ மட்டும் எதிர்ல நடக்கற" என்பார்.

"பந்தைக் கம்ப்யூட்டரோட சேத்துக் குடுத்துட்டு, எல்லாரும் பந்து வச்சிருக்காங்கன்னா என்ன சார் அர்த்தம்? சட்டையோட பொத்தான் வருது. பொத்தானை ஜனங்க விரும்பி வாங்கினாங்கன்னு சொல்வீங்களா?"

"சும்மா கொடுக்கறதுல ஏதாவது தப்புன்னா யாரைப் போய்க் கேக்கறது?"

"சோறு போடற இடத்துல சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தா நல்லதுதானே சார். யார் வேணா எட்டிப் பாக்கலாம்ல."

"திறந்து வச்சா எலியும்தான் வரும்."

"மூடி வச்சா எலி வந்ததே தெரியாது."

நான் இருவரையும் திட்டுவேன். டீ ஆறுகிறது, வாயை மூடிக்கொண்டு குடியுங்கள் என்பேன். மறுநாள் நாலு மணி எப்போது வரும் என்று நானேதான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

அப்படி இருக்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. எல்லா நூலகங்களிலும் புத்தகப் பட்டியல் கம்ப்யூட்டருக்கு மாறப் போகிறது. கம்பெனி மென்பொருள் ஒன்று, திறந்த மூலநிரல் ஒன்று, இரண்டில் எது என்று அந்தந்த நூலகமே சொல்லலாம். திறந்த மூலநிரல் எங்கள் மரங்கொத்தியிலேயே ஓடும். கம்பெனி மென்பொருள் புதிய நீலப் பந்தில்தான் ஓடும். புதிய நீலப் பந்து எங்கள் கிழட்டு இயந்திரங்களில் ஓடாது. ஆக, அது வந்தால் அறையை மூடிவிட்டு, கூடத்தில் நாலு புது இயந்திரம் வைப்பார்கள். பார்த்துக்கொள்ளக் கம்பெனி ஆள் வருவான். இவனை ஊருக்கு மறுகோடியில் இருக்கிற கிடங்குக்கு அனுப்புவார்கள், உடைந்த நாற்காலிகளுக்குக் காவலாக.

தலைமை நூலகர் அம்மா நியாயமானவர். எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். கணக்கர் வழக்கம்போலத் தொண்ணூறைச் சொன்னார். மரங்கொத்தி எழுந்தான். அந்தத் துடிப்பு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

"உலகக் கணக்கு எதுக்கு மேடம்? நம்ம ரூமுக்கு வர்றவங்களைக் கேளுங்க. அவங்க எதை உபயோகிக்கிறாங்களோ அதையே வச்சுக்கலாம்."

அம்மாவுக்கு யோசனை பிடித்துவிட்டது. எங்கள் நூலகத்தில் உள்ளே வருகிறவர்கள் பையை வாசலில் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் அறைக்கென்று தனியாகச் சிவப்பு டோக்கன். ஒரு வாரத்துக்கு, பையைத் திருப்பி வாங்கும்போது அந்த டோக்கனை இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும் என்று முடிவானது. அட்டைப்பெட்டிகளில் படம் ஒட்டினவனும் அவன்தான். இடது பக்கம் நீலப் பந்து, வலது பக்கம் மரங்கொத்தி. குருவியின் கொண்டையைச் சிவப்புப் பேனாவால் அழகாகத் தீட்டியிருந்தான்.

எனக்கும் உறைக்கவில்லை. அவனுக்கும் உறைக்கவில்லை. நான்கு வருடமாக அந்தப் பந்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது மரங்கொத்திதானே.

திங்கட்கிழமை முதல் ஆளாகத் தையல்காரம்மா வெளியே வந்தார். மகனுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைப் படித்துவிட்டு வந்த முகம். "எதுல தம்பி போடணும்?"

"நீங்க எதை உபயோகிக்கிறீங்களோ, எது உங்களுக்கு நல்லா இருக்கோ, அதுலம்மா" என்றான் இவன், வாயெல்லாம் பல்லாக.

"இதைக் கேக்கணுமா? எம் பேத்தி பொறந்ததையே இதுதானே சொல்லுச்சு" என்று சொல்லி, நீலப் பந்துப் பெட்டியில் டோக்கனைப் போட்டார்.

அவன் விரல் மேசைமேல் அப்படியே நின்றுவிட்டது. கவுன்ட்டர் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவர் வந்தார், பந்து. அதற்கடுத்தவர், பந்து. வலது பெட்டியில் விழுந்ததெல்லாம், குருவி அழகாக இருக்கிறதே என்று பள்ளிப் பிள்ளைகள் போட்ட நாலைந்துதான்.

மூன்றாம் நாள் நான் பொங்கிவிட்டேன். "பெட்டில இருக்கற படத்தை மாத்தி ஒட்டுடா. யாரு பாக்கப் போறா?"

"ஒரு தடவை மாத்தி ஒட்டினதோட பலன்தான்கா இது" என்றான்.

வார முடிவில் எல்லாவற்றையும் தலைமை நூலகர் அம்மாவிடம் சொன்னான். ஒரு இயந்திரத்தை அவர் அறைக்கே தூக்கிக்கொண்டு போய், பந்துக்குள் இருக்கிற மரங்கொத்தியைத் திறந்து காட்டினான். அம்மா பொறுமையாகப் பார்த்தார். அதற்குள் தலைமை அலுவலகத்து ஆள், எங்கள் நூலகத்திலிருந்து இணையத்துக்குப் போன பிரவுசர்களின் கணக்கை எடுத்து அனுப்பியிருந்தார். அதிலும் முழுக்க முழுக்க நீலப் பந்து. வாசல் வாசலாகப் பொய்ப் பெயர் சொல்லிக்கொண்டு திரிந்தது அல்லவா.

"தம்பி, நீங்க சொல்றதை நான் நம்பறேன்" என்றார் அம்மா. "ஆனா மேல எதைக் காட்டி எழுதுவேன்? ஜனங்களும் பந்துங்கறாங்க, மெஷினும் பந்துங்குது. நீங்க ஒருத்தர்தான் இல்லைங்கறீங்க."

அவன் அந்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். அன்றைக்கு நாலு மணிக்குக் கணக்கர் தன் கையாலேயே டீ ஊற்றி அவன் முன்னால் வைத்துவிட்டு, பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஜெயித்த மனிதர் மாதிரியே இல்லை.

மாத முடிவில் லாரி வந்தது. பத்துக் கீபோர்டையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் ஏற்றினான். ஏலத்துக்குப் போகிறதை எதற்குத் துடைக்கிறாய் என்று கேட்க வாய் எடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

புது இயந்திரங்கள் வந்தன. அசல் நீலப் பந்து வந்தது. இரண்டே வாரத்தில் என் கவுன்ட்டரில் மறுபடி கூட்டம். "என்னம்மா இது, திறந்தா நாலு விளம்பரம் குதிக்குது." "இது வேற பந்து. பழைய பந்தைப் போடுங்க." "அந்தத் தம்பி இருந்தப்ப இருந்த நீலப் பந்துதான் நல்ல பந்து." நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்? சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. கிடங்குக்குப் போன் போட்டு அவனிடம் சொன்னேன். மறுமுனையில் டொக் டொக்கென்று கேட்டது.

தையல்காரம்மா அதோடு விடவில்லை. ஏலத்தில் போனதில் ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து வாங்கி, வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பும் போட்டுக்கொண்டுவிட்டார். ஆனால் விற்றவன் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மரங்கொத்தியை நான் அந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில், வெட்டுத் துணிகளுக்கு நடுவில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. ஓரம் உடைந்திருந்த கீபோர்டைப் பார்த்ததும், "மூணாம் நம்பர்கா" என்றான். வீட்டுப் பிள்ளையைச் சந்தையில் பார்த்தவன் குரல் அது.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினான். கடைசியாகத் திரையில் மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது, சிவப்புக் கொண்டையோடு. இந்த முறை படத்தை மாற்றவில்லை. அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "இதுதாம்மா அது. நாலு வருஷமா உங்களுக்கு வேலை செஞ்சது இதுதான். பேரு மரங்கொத்தி" என்றான்.

தையல்காரம்மா கழுத்தில் தொங்கின அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "அப்படியா தம்பி? நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வயசாச்சு, புதுசெல்லாம் பிடிபடாது. அந்தப் பந்தையே போட்டுக் குடுத்துடேன்."

நான் வாயைத் திறந்தேன். அவன் கையால் என்னை அடக்கினான். கொஞ்ச நேரம் அந்தக் குருவியைப் பார்த்தான். பிறகு படத்தை மாற்றி ஒட்டினான்.

அந்த அம்மா பந்தைத் திறந்தார். மகனின் மெயிலில் பேத்தியின் படம், மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் தொப்பி, பிறகு நெற்றி, பிறகு பொக்கைச் சிரிப்பு. அவர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "பாத்தியா தம்பி. பந்துன்னா பந்துதான்."

"ஆமாம்மா" என்றான். என் பக்கம் திரும்பி, அந்த அம்மாவுக்குக் கேட்காமல், "இன்னொரு ஓட்டும் போச்சுக்கா" என்றான்.