நாலு விரல் சுருங்கிய துணி

1. திரும்பி வந்த பெட்டிகள்

"இது பிள்ளைக்குத் தைச்சதோ, பொம்மைக்குத் தைச்சதோ?"

குலம் அண்ணை மேசையில் எறிந்த ரீ-சேர்ட்டின் லேபலில் ஐந்து வயது என்றிருந்தது. ஒருமுறை துவைத்ததும் மூன்று வயதுப் பிள்ளைக்கே காணாது. அது தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் மனோர் பார்க்கில் இருந்த அவருடைய சிறிய இறக்குமதிக் கம்பனியில் நான் குவாலிட்டி கொன்ட்ரோலர். துருக்கியிலிருந்து வந்த அந்த உடுப்புகளை அளந்து 'பாஸ்' போட்டவள் நான்தான். ஒவ்வொரு பெட்டியிலும் என் கையெழுத்து.

"அடுத்த ஓடரும் இப்பிடி வந்தா கடைக்காரன் எங்களை விட்டிடுவான். பிறகு பூட்டிப்போட்டுப் போகவேண்டியதுதான், ரஞ்சி."

"நான் போறன் அண்ணை. எங்க பிழைச்சதெண்டு பாத்துத் திருத்திப்போட்டு வாறன்."

"பாஷை தெரியாத ஊரில தனிய நிண்டு என்ன செய்வாய்?"

"லண்டனுக்கு வரேக்க மட்டும் எனக்கு என்ன பாஷை தெரிஞ்சது?"

அவர் சிரித்துவிட்டார்.

2. வாளி

இஸ்தான்புல் விமான நிலையத்தில் என் அகதிப் பயணப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இப்படி ஒன்றை முன்பு கண்டதில்லையாம். இரண்டு மணிநேரம் கழித்துத்தான் விட்டார்கள். புர்சா நகரில், எங்கள் உடுப்புகளைத் தைக்கும் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வாடகை அறை. மரக்கறி மட்டும் சாப்பிடும் வெள்ளிக்கிழமைகளில் பருப்பு சூப்பும் பாணும்.

தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதிக்குத் தலைவர் ஹசன். எல்லோரும் 'உஸ்தா' என்பார்கள், மேஸ்திரி மாதிரி. அலுவலகத்தில் இருந்த நூரான் ஆங்கிலம் அறிந்தவள். என்னை 'அப்லா', அதாவது அக்கா, என்று கூப்பிட்டு, நான் சொன்னதையெல்லாம் அவருக்கு மொழிபெயர்த்தாள். உஸ்தா நாடியை உயர்த்தி, 'ச்' என்றார். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் ஆட்களும் அப்படித்தான் மறுப்பார்கள்.

"அளவு சரி, வெட்டு சரி. பிழை லண்டன் தண்ணியிலதானாம்," என்றாள் நூரான்.

ஒரு கிழமை எல்லாவற்றையும் அளந்தேன். ஒரு பிழையும் அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கொண்டுபோயிருந்த சாறி பிளவுஸ் துணியைத் தைக்க எடுத்தேன். தைக்கமுன் நனைத்துக் காயவைப்பது எங்கள் வழக்கம். பழக்கத்தில் வாளிக்குள் போட்டேன். கை தண்ணீருக்குள் இருக்கும்போதே உறைத்தது. வீட்டுத் துணியை நனைக்காமல் கத்தரிக்கோல் வைக்காத நான், ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் உடுப்பை உலர்ந்தபடியே அளந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கத்தில் முகம் சுட்டது.

3. முற்றத்துக் கயிறு

அடுத்த நாளே உஸ்தாவின் துணி ரோலில் ஒரு மீற்றர் வெட்டி, துவைத்துக் காயவைத்துக் கொண்டுபோனேன். நாலு விரல் கட்டை.

உஸ்தா பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நூரான் தயங்கினாள்.

"நீங்களே குறைச்சு வெட்டிப்போட்டியளாம், அப்லா."

எனக்குக் கோபம் மூக்குநுனிக்கு வந்தது. "அப்ப அவரே வெட்டட்டும். மூலையில கையெழுத்தும் வைக்கட்டும். அவரே துவைக்கட்டும்!"

தையல்காரப் பெண்கள் மெஷின்களை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் உஸ்தா வாளியில் கை வைப்பாரா? நானே வாளியைத் தூக்கிவந்து, இன்னொரு மீற்றர் துண்டை எடுத்து முதலில் துவைக்கத் தொடங்கினேன். பார்த்துக்கொண்டு நின்றவர் ஒரு மீற்றர் வெட்டி, அழியாத மையால் கையெழுத்து வைத்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எனக்கு எதிரே குந்தினார்.

இரண்டு துண்டுகளும் முற்றத்துக் கயிற்றில் காய்ந்தன. மத்தியானம் எல்லோரும் சுற்றி நிற்க அவரே அளந்தார். நாலு விரல். மறுபடி அளந்தார். அதே நாலு விரல். பிறகு வெட்டுமேசைப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார். இறுகச் சுற்றிய துணி தளர எல்லா ரோலையும் விரித்துப் போடச் சொல்கிறார், சுருங்கும் அளவைக் கூட்டிப் வெட்டும் அளவு அட்டையான பற்றனைப் புதிதாக வெட்டப் போகிறார் என்றாள் நூரான். பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், ஈரக் கையோடு.

நான் திரும்பி வந்தபின், புதுச் சரக்கோடு கப்பல் லண்டன் வந்த அன்று குலம் அண்ணை முதல் பெட்டியைத் திறந்து, ஒரு ரீ-சேர்ட்டை மூன்று தரம் துவைக்கும் மெஷினில் போட்டார். தன் ஐந்து வயது மகளுக்கு மாட்டினார். அளவாக இருந்தது.

"கெட்டிக்காரி!" என்று அவர் போட்ட சத்தத்தில் பிள்ளை பயந்துபோனாள்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, வீட்டில் உங்கள் கைக்குத் தெரிந்ததை வேலைக்குப் போகும்போது வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அண்ணை திறந்த அந்தப் பெட்டிக்குள், உடுப்புகளின் மேலே, நாங்கள் கேட்காத சரக்கு ஒன்றும் இருந்தது: துவைத்த ஒரு துண்டுத் துணி. மூலையில் உஸ்தாவின் கையெழுத்து. அதன் பக்கத்தில் என் கையெழுத்துக்கு அளவாக ஒரு வெற்றிடம் விட்டு, கோடு போட்டிருந்தார்.