தெளியாத சங்கு

நாகர்கோவில் நாணயக் கடைக்காரப் பையன் என் வெள்ளி அரை ரூபாயைக் கண்ணாடி மேசையில் புரட்டிப் போட்டான். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

திருவிதாங்கூர் காசு புழங்கிய காலம். தோவாளை வீட்டில், சித்திரை விஷுக் காலையில், அப்பாவின் அக்கா அம்மாவுக்குக் கைநீட்டமாகத் தந்த புதுக் காசு இது. பளபளப்பைப் பார்த்தார்களே தவிர, அதிலிருந்த சங்கு முத்திரையை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அம்மா அதைச் சந்தனம் மணக்கும் செப்பில் மூடி வைத்தாள். மறு விஷுவுக்குத் திறந்தபோது அத்தை முகம் சுளித்தாள்.

"சங்கு தேஞ்சு கெடக்கு. நான் புதுக் காசுல்லா தந்தேன்? தம்பி, ஒம் பொண்டாட்டி மாத்தி வச்சிருக்கா!"

"நான் தொடவே இல்ல மைனி," என்றாள் அம்மா.

அப்பா ஒன்றும் கேட்காமல் அவள் இடுப்பிலிருந்த நெல்லறைச் சாவியை வாங்கி அத்தையிடம் கொடுத்தார். அன்றிலிருந்து உலையரிசிக்கும் அம்மா அத்தை முன்னால் போய் நின்றாள்.

பையன் லென்ஸை இறக்கினான். "இது தேய்மானம் இல்ல ஆச்சி. விளிம்புப் பல்லு கூர்மையா இருக்கு, புழங்காத காசு. அச்சு சரியா அழுந்தாததுனாலதான் சங்கு தெளியல்ல. அதுக்குத் தரம் கொறையும்."

"இத எழுதித் தருவியா?"

"யாருக்குக் காட்டணும்?"

அத்தை, அப்பா, அம்மா மூன்று பேரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

"நீ எழுது மக்கா," என்றேன்.