கலீல் பாய் திறக்காம வெச்சிருந்த பாட்டில்

செய்தி எனக்கு ஒரு டிடிபி வேலையாத்தான் வந்துச்சு.

போன செவ்வாக்கெழமை காலைல சென்டரைத் திறந்து சிஸ்டத்தை எல்லாம் ஆன் பண்ணிட்டு இருந்தேன். சின்னக்கடைத் தெருவுல நாட்டு மருந்துக் கடை வெச்சிருக்கற அமீர் பாய் வந்து நின்னாரு. "ஒரு நோட்டீஸ் அடிக்கணும்மா, சீக்கிரம். அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்"னாரு. நானும் எப்பவும் போல ஃபைலைத் திறந்து, "பேரு சொல்லுங்க பாய்"னேன். "கலீல்"னாரு. டைப் பண்ணிட்டேன். பண்ணி முடிச்சப்புறம்தான் யாருன்னு உறைச்சுது. திரும்பிப் பாத்தா அமீர் பாய் துண்டால கண்ணைத் தொடச்சிட்டு இருக்காரு. "அண்ணன்தாம்மா. காலைல ஃபஜ்ரு தொழுகைக்கு எழுப்பப் போனாங்க, எழுந்திருக்கல."

'உப்புத் தண்ணி' ப்ளாக் படிச்ச எல்லாருக்கும் இதைச் சொல்லத்தான் எழுதறேன். நம்ம கப்பல்காரர் போயிட்டாரு. பாய் எங்க, அடுத்த போஸ்ட் எப்போன்னு கமெண்ட்ல கேட்டுட்டே இருக்கீங்க. இனிமே இல்லீங்க.

நான் எழுத்தாளர் எல்லாம் கெடையாது. திருவண்ணாமலையில பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ப்ரவுசிங் சென்டர்ல வேலை பாக்கறேன். தமிழ்ல டைப் அடிக்க எனக்கு யாரும் சொல்லித் தரல. பாயோட போஸ்ட்டுக்குக் கமெண்ட் போட்டே ஆகணும்னு நானே தட்டித் தட்டிக் கத்துக்கிட்டது. அவ்ளோ பைத்தியம்! அவரு கப்பல்ல சமையக்காரர். எந்தத் துறைமுகத்துல இறங்குனாலும் அந்த ஊரைப் பத்தி எழுத மாட்டாரு, அங்க வர்ற வாசனையைப் பத்தி மட்டும் எழுதுவாரு. ஒரு ஊர்ல வறுத்த மீனும் டீசலும், இன்னொரு ஊர்ல நனைஞ்ச மரத்தூளு. "மோந்து பாக்கறதுக்கு எந்த நாட்டுலயும் விசா கேக்கறதில்ல"ன்னு ஒரு தடவை எழுதியிருந்தாரு. அதைப் பேப்பர்ல பெருசா பிரின்ட் எடுத்து சென்டர் சுவத்துலயே ஒட்டினேன். ஓனர் கிழிச்சிட்டாரு, அது வேற கதை.

அவரோட கிரீஸ் போஸ்ட்டைப் படிக்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். கப்பல் ரிப்பேருக்குன்னு ஒரு கிரேக்கத் தீவுல நின்னப்ப, அந்த ஊரு ஏஜென்ட் ஒருத்தர் சும்மா கெடந்த ஆளுங்களை வேன்ல ஏத்திக்கிட்டு, பரம்பரையா மது வடிக்கற ஒரு எடத்தைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போயிருக்காரு. "நம்ம பக்கம் காய்ச்சினா போலீஸ் வருது, இங்க டூரிஸ்ட் வர்றான்"னு ஆரம்பிப்பாரு பாய். கல்யாண வீட்டு அண்டா மாதிரி செப்புப் பானை, அது மேல தும்பிக்கை மாதிரி வளைஞ்ச குழா, கீழ விறகு. பெரிய மீசை வெச்ச ஓனர் எல்லாரையும் நீட்டு மேஜையில உக்கார வெச்சு, மருந்து குடிக்கற சங்கு அளவுக்குக் குட்டிக் குட்டி கிளாஸ்ல ஊத்தி, "முதல்ல கண்ணு, அப்புறம் மூக்கு, கடைசியாத்தான் வாயி"ன்னு ஒண்ணொண்ணா சொல்லித் தர்றாரு. சோம்புல வடிச்ச ஒண்ணு, தண்ணி ஒரு சொட்டு விட்டா பாலு மாதிரி வெளுத்துடுமாம்.

பாய் குடிக்க மாட்டாரு. அதனால மோந்து பாத்துட்டு, பக்கத்துல இருந்த கப்பல் கூட்டாளி தாமஸ் சேட்டன் பக்கம் கிளாஸைத் தள்ளிட்டே இருந்திருக்காரு. சேட்டன் ரெண்டு ஆளு பங்கையும் உள்ள விட்டுட்டு, அந்த மீசைக்காரரைக் கட்டிப் பிடிச்சு மச்சான் மச்சான்னு அழ ஆரம்பிச்சிட்டாரு. கடைசி கிளாஸுக்கு முன்னாடி ஓனர் எல்லார் உள்ளங்கையிலயும் கற்கண்டு மாதிரி ஒரு பிசின் துண்டு வெச்சிருக்காரு. இந்தத் தீவுல இருக்கற மரத்துல இருந்து வடியறது, அதைப் போட்டுத்தான் இந்தத் தித்திப்பு மதுவை வடிக்கறோம்னு. பாய் அதை மோந்திருக்காரு. அது ரூமி மஸ்தகி! இப்ப அமீர் பாய் நடத்தற அவங்கப்பா கடையில மேல் தட்டு டப்பாவுல இருக்கும், வயித்து வலின்னு வந்தா பொடி பண்ணி மடிச்சுக் குடுப்பாரு. அப்பா மவுத்தானப்ப பாய் நடுக்கடல்ல இருந்தாரு, வர முடியல. அந்த கிளாஸை மூக்குக்கிட்ட வெச்சதும் தேம்பித் தேம்பி அழுதுட்டாரு. மீசைக்காரர் பயந்து போயி, "ஒரு சொட்டு கூட குடிக்காம போதை ஏறுன ஆளை இன்னிக்கித்தான் பாக்கறேன்"னு சொல்லி ஒரு பாட்டிலைச் சும்மாவே குடுத்தனுப்பிச்சாராம்.

இதைப் படிச்சிட்டு நான் பஸ்ல போறப்ப எல்லாம் நெனைச்சு நெனைச்சு சிரிச்சிட்டு இருந்தேன். ஒரு நாள் சென்டர்ல மூலை சிஸ்டத்துல தாடி வெச்ச ஒருத்தர். சில்லறை குடுக்கப் போனா, ஸ்க்ரீன்ல உப்புத் தண்ணி. உள்ள போயி எழுதற பக்கம்! கத்தியே கத்திட்டேன்.

"பாய்! நீங்கதானா அது? நம்ம ஊரா நீங்க?"

"மெதுவா கத்தும்மா. கரண்ட் பில்லு கட்டாதவனைப் பிடிச்ச மாதிரி இருக்கு."

லீவுல வந்திருக்கேன்னாரு. அந்த லீவு முடியவே இல்ல. எனக்கு அதெல்லாம் தோணல. தினம் வர்றாரே, அதுவே போதும்னு இருந்தேன்.

அப்புறம் அந்த எலி செத்துச்சு. யூபிஎஸ் பொட்டிக்குப் பின்னாடி கெடந்திருக்கு. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். கேம் ஆடிட்டு இருந்தவங்க எல்லாம் மூக்கைப் பிடிச்சிட்டு வெளிய ஓடிட்டாங்க. பாய் மட்டும் மூலையில டைப் பண்ணிட்டு இருக்காரு. எட்டிப் பாத்தா, தீபத்தன்னிக்கி மலை உச்சியில நெய்யும் கற்பூரமும் எரியற வாசனை தேரடி வீதி வரைக்கும் எப்படி இறங்கி வருதுன்னு எழுதிட்டு இருக்காரு.

"பாய், எலி நாறுது பாய்!"

"எந்த எலி?"

சுத்திப் பாத்தாரு. நாற்காலி எல்லாம் காலியா இருக்கு. ஸ்க்ரீனை ஆஃப் பண்ணிட்டு எழுந்தாரு.

டீக்கடையில வெச்சுத்தான் சொன்னாரு. கப்பல்ல இரும்பு ஏணியில எண்ணெ, வழுக்கி விழுந்து பின்மண்டையில அடி. கண்ணு முழிச்சப்ப ரொட்டி, சூப்பு எல்லாம் ஈரக் காகிதம் மாதிரி இருந்துச்சாம். உப்பு தெரியுது, இனிப்பு தெரியுது, வேற எதுவும் இல்ல. வாசனை தெரியாத சமையக்காரனைக் கப்பல்ல வெச்சிக்குவாங்களா? கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க.

"டாக்டரு இன்னா சொன்னாரு பாய்?"

"வந்தா வரும்னாரு."

"வரலன்னா?"

"அதை நான் கேக்கல."

கிரீஸ்ல குடுத்த பாட்டிலை அவரு திறக்கவே இல்ல. மூக்கு திரும்ப வர்ற அன்னிக்கி அதைத்தான் முதல்ல திறப்பேன்னு வெச்சிருந்தாரு. அவரு சம்சாரம் ஷமீம் அக்கா சொல்லுவாங்க: "பீரோவுல சரக்கு பாட்டிலை வெச்சு, அது மேல தொழுகை விரிப்பை மடிச்சு வெச்சிருக்கேன். மறுமையில எனக்குத்தான் மொதல்ல விசாரணை."

அதுக்கப்புறம் தினமும் தம்பி கடையில இருந்து எதையாவது பொட்டலம் மடிச்சு எடுத்துட்டு வருவாரு. என் கையில குடுத்து, "சொல்லு"ம்பாரு. நான் மோந்துட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். திப்பிலியா? "கோவத்துல இருக்கற மிளகு பாய்." வெட்டிவேரா? "மண்பானையைக் கவுத்து வெச்சு உள்ள தலையை விட்ட மாதிரி." அவரு கண்ணை மூடிக் கேப்பாரு, அப்புறம் தன்னோட பாஷையில அழகா எழுதிடுவாரு. கடைசி ஒரு வருஷமா நீங்க படிச்ச வாசனை போஸ்ட் எல்லாம் அப்படி வந்ததுதான். மூக்கு என்னோடது, கை அவரோடது. "பாய்க்கு இருக்கறது மூக்கு இல்ல, கேமரா"ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தீங்க. அதைப் படிச்சு அவ்ளோ சிரிச்சாரு. "நான் செத்தப்புறம் சொல்லிடும்மா. உயிரோட இருக்கற வரைக்கும் எனக்கு கமெண்ட் வேணும்"னாரு. அதான் சொல்லிட்டேன். அதையெல்லாம் சேத்து புக்கா போடலாமான்னு கேட்டவங்களும் தெரிஞ்சுக்கணும்.

விளையாட்டா தெரியுது இல்ல? ஷமீம் அக்கா ஒரு நாள் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து கதவைத் திறந்தா வீடு முழுக்க கேஸு. பாய் சமையக்கட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருக்காரு. அக்கா கத்தின கத்துல தெருவே வந்துடுச்சு. அன்னிலேந்து அவரைத் தனியா விட்டுட்டு அந்தம்மா எங்கயும் போனதில்ல.

அப்புறம் வேலூர்ல பெரிய டாக்டரைப் பாத்துட்டு வந்தாங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை எனக்கு ஃபோன். "வீட்டுக்கு வாம்மா. பாட்டிலைத் திறக்கறேன்."

"பாய்! மூக்கு வந்துடுச்சா?"

"வா, பாக்கலாம்."

ஓடிப் போனேன், வாசல்லயே செருப்பை வீசிட்டு. பட்டப்பகல், கதவெல்லாம் சாத்தியிருக்கு. மேஜையில மூணு எவர்சில்வர் டம்ளர் வரிசையா வெச்சிருக்காரு. ஷமீம் அக்கா முந்தானையால மூக்கை மூடிக்கிட்டு சுவரோரமா நிக்கறாங்க. அவங்க கண்ணைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. மூக்கு வரல. இனிமே அலையாதீங்கன்னு வேலூர்ல சொல்லிட்டாங்க.

"அப்ப ஏன் பாய் திறக்கறீங்க?"

"டாக்டரு சொல்லிட்டா முடிஞ்சிடுமா? இதுக்குக் கூட வரலன்னா வேற எதுக்கும் வராது. அது மட்டும் எனக்குத் தெரியணும்."

மூடியைத் திருகினாரு. கொஞ்சமா ஊத்தினாரு. அந்த மீசைக்காரர் மாதிரியே குரலை வெச்சுக்கிட்டு, "முதல்ல கண்ணு"ன்னாரு. தண்ணி மாதிரி தெளிவா இருந்துச்சு. "இப்ப மூக்கு. அவசரப்படாதீங்க." டம்ளரை மூக்குக்கிட்ட கொண்டு போனாரு. நாங்க ரெண்டு பேரும் அவர் முகத்தையே பாத்துட்டு நிக்கறோம். இழுத்தாரு. திரும்ப இழுத்தாரு. டம்ளரைக் கையில வெச்சு சூடு பண்ணி இன்னொரு தடவை இழுத்தாரு.

"எரியுது. அவ்ளோதான்"னாரு.

ஷமீம் அக்கா, "போதும் வுடுங்க"ன்னாங்க. அவரு விடல. டம்ளரை என்கிட்ட நீட்டி, "நீ சொல்லு"ன்னாரு.

சொன்னேன். "கட்டி சாம்பிராணி பாய், நெருப்புல போடறதுக்கு முன்னாடி. அது கூட மரம். அப்புறம்... வெள்ளரிக்கா. அப்பத்தான் நறுக்கின வெள்ளரிக்கா."

"வெள்ளரிக்காவா? வெள்ளரிக்கா கெடையாதும்மா அதுல."

"இருக்கு பாய்."

"நான் அழுதிருக்கேன் அதை மோந்து. எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா இருக்கு பாய்."

அக்காவைப் பாத்தாரு. அக்கா முந்தானையை விலக்கிட்டு ஒரு தடவை குனிஞ்சு மோந்தாங்க. "ஆமாங்க, இருக்கு"ன்னாங்க. பாய் பாட்டிலை எடுத்துட்டுப் போயி பின்பக்கம் சாக்கடையில கவுத்துட்டாரு. பக்கத்து வீட்டு ஜன்னல்ல இருந்து, "இன்னா பாய், புது பினாயிலா? வாசனை தூக்குது!"ன்னு ஒரு குரல். நாங்க மூணு பேரும் சிரிச்சோம். பாய்தான் ஜாஸ்தி சிரிச்சாரு.

ஒரு மாசம் சென்டர் பக்கமே வரல. வந்தப்ப கையில பொட்டலம் இல்ல. "இனிமே சொல்ல வேணாம்மா"ன்னாரு. ஏன் பாய்னு கேட்டேன். "மூக்கு போனாலும் உள்ள ஞாபகம் இருந்துச்சு. கண்ணை மூடினா அந்தத் தீவு வரும், எங்கப்பா கடை வரும். இப்ப கண்ணை மூடினா வெள்ளரிக்காதாம்மா வருது. தீபத்தை நெனைச்சா நீ சொன்ன தீபம். உன் மேல தப்பில்ல, நீ நெஜத்தைத்தான் சொன்ன. ஆனா என்னோடது இப்ப எங்கயும் இல்ல."

எப்பவும் போல மூலை சிஸ்டத்தை ஆன் பண்ணி விட்டேன்.

கடைசியா பாத்தது போன மாசம். நின்னுக்கிட்டே கேட்டாரு. "எங்கப்பா கடையைத் திறந்தா எப்படி இருக்கும்னு, ரொம்ப முன்னாடி டீக்கடையில உன்கிட்ட சொன்னேன் இல்ல? அதைச் சொல்லு."

அவர் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம். சொன்னேன்: "காலையில பலகையை எடுத்தா முதல்ல வசம்பு வந்து மூஞ்சில அடிக்கும். அப்புறம் சுக்கு. எல்லாத்துக்கும் அடியில மஸ்தகி. அது வாசனை மாதிரியே இருக்காது. நமக்கு முன்னாடியே யாரோ எழுந்து உள்ள வந்து உக்காந்திருக்கற மாதிரி இருக்கும்."

தலையை ஆட்டிக் கேட்டாரு. "யாரு சொன்னது இது?"

"நீங்கதான் பாய்."

"அப்படியா"ன்னாரு. சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டாரு.

அவர்கிட்ட இருந்து எனக்குன்னு மிஞ்சினது அந்த நாலு வரிதான். நேத்து காலையில சின்னக்கடைத் தெருவுக்குப் போயி, அமீர் பாய் பலகையை எடுக்கற வரைக்கும் வாசல்ல நின்னேன். வசம்பு வந்துச்சு. சுக்கு வந்துச்சு. அடியில மஸ்தகியும் இருந்துச்சு, கண்ணை மூடிக்கிட்டு நல்லா இழுத்தேன். உள்ள யாரும் உக்காந்திருக்கல.