மாமா பார்த்த முதலை

என் அம்மாவுக்கு ஒரு தம்பி. வேலைக்குப் போகிற வயது வந்தும் வேலைக்குப் போகாமல், திருத்தணியில் எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்ட மனிதர். மலையடிவாரத்தில் நைனா, அதாவது என் அப்பா, வைத்திருந்த தேங்காய்க் கடையில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னால் வயிற்றுவலி என்பார். கடையைப் பூட்டுகிற நேரத்துக்கு வயிறு தானாகச் சரியாகிவிடும். பொய் சொல்வதில் மட்டும் அவர் ஒரு நாளும் சோம்பல் பட்டதில்லை. பள்ளிப்பட்டு பஸ்ஸில் தனக்குப் பக்கத்தில் ஒரு கரடி உட்கார்ந்து வந்தது என்று சொன்னதோடு நிற்காமல், அதற்கு டிக்கெட் எடுத்தது யார் என்பது வரை விவரம் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் பேச்சைக் கேட்டு ஒரு வீதியே சேர்ந்து என் கோடை விடுமுறையில் மண்ணை அள்ளிப் போட்டது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊரைத் தாண்டி வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் ஆறு வரும். ஆறு என்பது பேருக்குத்தான். பொங்கல் கழிந்தால் வெறும் மணல். ஆனால் பாறை ஒன்று குறுக்கே படுத்திருக்கும் திருப்பத்தில் மட்டும் ஒரு மடு, எந்தக் கோடைக்கும் வற்றாது. கரையில் நாணல், நாலைந்து பனைமரம், ஒரு மீன்கொத்தி. காற்று நின்றிருக்கும் நேரத்தில் மலையும் அதன்மேல் கோயிலும் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும். ஓரத்தில் நின்று குனிந்தால் அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணிவிடலாம். அங்கேதான் நாங்கள் நீந்துவோம்.

எனக்கு அப்போது பத்து வயது. “இந்த லீவோட சரி. அடுத்த வருஷம் மடு கிடுன்னு பேச்செடுத்தே, காலை முறிச்சு அடுப்புல வெச்சிடுவேன்” என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பெண் பிள்ளை வளர்ந்துகொண்டு வருகிறாளாம். வளர்வதற்கும் நீந்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. ஆகவே எனக்கு இருந்தது அந்த ஒரு கோடைதான். அதற்குள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொள்ளாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விட வேண்டும். அத்தை மகன், எனக்குப் பாவா, குடுக்கையே இல்லாமல் போய்ப் போய் வருவான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டான். “சுரக்கா, ஏய் சுரக்கா!” என்று வீதி முழுக்கக் கேட்கக் கத்துவான். அவன் வாயை அடைத்தே ஆக வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

சித்திரை கடைசியில் எங்கள் வீதிக் கிணறுகளில் வாளி அடித்தரையில் போய் இடிக்கும். உடனே வீதிப் பெரியவர்கள் கூடிப் பேசி, ஆள் வைத்து, மடுவைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டுவிடுவார்கள். உள்ளே போக ஒரே வழி. அதில் ஒரு காவல். பீப்பாய் வண்டி போய் வந்து எங்கள் வீதிக்குத் தண்ணீர் ஊற்றும். மற்ற நாளில் அங்கே மொண்டுகொண்டிருந்த சேரி ஜனங்கள், அதாவது ஆற்றுக்கு அந்தண்டைக் குடிசைகளிலிருந்து எங்கள் கொல்லைகளுக்குக் கூலிக்கு வருகிறவர்கள், பாசி பிடித்த ஒரு குட்டைக்கு நடந்துபோய் மொண்டுகொள்வார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். வெயில் வருகிற மாதிரி முள்ளும் வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீதிப் பிள்ளைகள் நீந்துவதற்குத் தடை கிடையாது.

முந்தின வருஷம் காவலுக்கு நைனா மாமாவைத்தான் பிடித்துத் தள்ளினார். சும்மா உட்கார்ந்து, பானையோடு வருகிற சேரி ஜனங்களைத் திருப்பி அனுப்புகிற வேலை, அவருக்கென்றே செய்தது போன்ற வேலை. அதையும் இவர் இரண்டு நாளுக்கு மேல் பார்க்கவில்லை. தடியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. ‘வெயில் ஒத்துக்கல’ என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். உட்காருவதற்குக்கூட உடம்பு வளையாத மனுஷன் என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த வருஷம் முள் வெட்ட ஆள் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் மாமா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“மடுவுல மொதல கீது!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. போன மழையில் வெள்ளத்தோடு வந்து தங்கிவிட்டதாம். பனைமரம் நீளமாம். தன் கண்ணெதிரே ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு போனதாம். சாயங்காலம் அந்த ஆடு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. “அது வேற ஆடு” என்றார். அவரை யாரும் நம்பினார்களா என்றால் நம்பவில்லை. சரி, நீ முதலில் காலை விடு பார்க்கலாம் என்றால், ஒருத்தரும் முன்வரவும் இல்லை. பீப்பாய் வண்டிக்காரர் தனக்குப் பெண்டாட்டி பிள்ளை இருப்பதாகச் சொல்லி மாட்டை வேறு பக்கம் திருப்பிவிட்டார். தண்ணீர் எங்கேயோ தூரத்தில் மாடு கட்டி இறைக்கிற கவலைக் கிணற்றிலிருந்து ஆடி அசைந்து வந்தது, அதுவும் பாதி பீப்பாய். அம்மா பாத்திரம் கழுவும்போதெல்லாம் தம்பியைத் திட்டினாள். “காவலுக்கு உட்கார சோம்பப்பட்டுகினு மொதலைய கொண்டாந்து விட்டுட்டான், கட்டையில போறவன்!”

என் கதியைத்தான் யாரும் நினைக்கவில்லை. பிள்ளைகள் மடுப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. ஒவ்வொரு நாளாக விடுமுறை கரைகிறது. பாவாவோ, “நீ தப்பிச்சே சுரக்கா, உன் மானத்த மொதல காப்பாத்திச்சு” என்கிறான். எத்தனை நாள்தான் பொறுப்பது? ஒரு மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் நான் கிளம்பிவிட்டேன். முதலை இல்லை என்று கண்ணால் பார்த்து, வந்து வீதி நடுவில் நின்று கத்துவது என்று முடிவு.

கொல்லை வரப்பு சுட்டது. நாணலை விலக்கிப் பார்த்தால், மடு முழுக்க ஜனம்! சேரிப் பெண்கள் பானையும் தவலையுமாக மொண்டுகொண்டிருக்கிறார்கள். சின்னதுகள் இடுப்பளவுத் தண்ணீரில் குதிக்கின்றன. என்னைப் பார்த்ததுதான் தாமதம், பிள்ளைகளை அவசர அவசரமாகக் கரைக்கு இழுத்துக்கொண்டார்கள். நானென்ன முதலையா, கடித்தா விடுவேன்? எனக்குக் கோபம்தான் வந்தது.

ஈரக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி கையை ஆட்டினாள். “பாப்பா, கிட்ட வராதம்மா! மொதல கீது!”

“உங்க புள்ளைங்கல்லாம் இப்பதானே தண்ணியில குதிச்சுதுங்க?”

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். பனைமரத்து நிழலிலிருந்து மாமா எழுந்து வந்தார். அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் மனிதர்!

“மொதலைக்கு வீதி ஜனங்க வாசனைதான் புடிக்கும்” என்றார்.

“பொய்! பொய்! நைனாகிட்ட சொல்றேன். வீதி பூரா சொல்றேன்!”

அவர் முகம் சட்டென்று சின்னதாகிப் போய்விட்டது. பெண்கள் பானையைத் தொடாமல் அப்படியே நின்றார்கள். நான் இன்னும் நாலு பொய் வரும் என்று எதிர்பார்த்தால், ஒன்றும் வரவில்லை.

“சொல்லாதடா கண்ணு. உனக்கு என்னா வேணும், கேளு.”

“அந்தக் கரைக்குப் போவணும். குடுக்கை இல்லாம.”

“போ. நான் பார்த்துகினு கீறேன். ஆனா வீட்ல மூச்சு விடக் கூடாது. இங்க வந்ததையும் சொல்லக் கூடாது, நீந்தினதையும் சொல்லக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன். அந்த அவசரத்தில் அதன் அநியாயம் எனக்கு உறைக்கவில்லை. பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு இறங்கினேன். மேலே வெதுவெதுப்பு, காலடியில் ஐஸ். தலைகீழாக நின்ற மலை என் கைபட்டுக் கலைந்து போயிற்று. நடுவில் வந்ததும் முதுகில் குடுக்கை இல்லை என்கிற நினைப்பு வந்து தொலைத்தது. அப்புறம் நீச்சல் எங்கே! கையும் காலும் ஒன்றுக்கொன்று பகை. தண்ணீர் குடித்தேன். கரை இதோ எட்டிவிடும், எட்டவில்லை. அந்தப் பக்கக் கரையில் மொண்டுகொண்டிருந்த ஒருத்தி பானையைப் போட்டுவிட்டு எட்டிக் கையை நீட்டினாள். நானும் நீட்டினேன். விரல் தொடப்போகிற நேரத்தில், அவள் தன் கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு, எதிர்க்கரையில் மாமா இருந்த பக்கம் பார்க்கிறாள்!

“புடி யக்கா! புடிச்சு இழு!” என்று மாமா தண்ணீருக்குள் பாய்ந்துகொண்டே அலறினார்.

அப்புறம்தான் பிடித்தாள். அவள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு சிவந்துவிட்டது. கரையில் கிடந்து இருமினேன். ஒரு உயிர் முழுகிக்கொண்டிருக்கும்போது யோசனை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கிற அளவு மூச்சு இல்லை. அவளோ என் கையை விட்டுவிட்டு நாலடி தள்ளிப் போய், வீதிப் பக்கமிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் கடந்துவிட்டேன்! குடுக்கை இல்லாமல்! என் வாழ்நாளில் அதுவரை செய்த பெரிய காரியம் அதுதான். அதை யாரிடமும் சொல்ல முடியாது. பாவா தெருமுனையில் நின்றுகொண்டு ‘சுரக்கா’ என்கிறான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. லீவு முடிகிற வரைக்கும் அவன் நிறுத்தவில்லை. வாக்குக் கொடுத்த வாயைத் தைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆடியில் மழை பெய்து கிணறுகளில் தண்ணீர் ஏறியது. முதலை மேற்கே போய்விட்டதாக மாமா அறிவித்தார். அடுத்த சித்திரையில், எங்கள் வீதி வாளிகள் தரையில் இடித்த அதே வாரம், அது தவறாமல் திரும்பி வந்துவிட்டது. ஒரே பொய்யை இரண்டு வருஷம் சொல்கிறாரே, புதிதாக ஒன்று கட்டக்கூட இந்த மனுஷனுக்குச் சோம்பலா என்று நான் அலுத்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. முதலை இல்லை என்பது அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளெல்லாம் அதே தண்ணீரில்தான் குதித்துக்கொண்டிருந்தன. பின்னே எதற்குப் பயந்துகொண்டு கையைப் பின்னால் இழுத்தாள்? மாமாவைக் கேட்டேன். எதைக் கேட்டாலும் உடனே ஒரு பொய் வைத்திருக்கிறவர், அன்றைக்கு என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

பார்க்கத்தான் அத்தனை பெரிய பொம்பளை, சரியான பயந்தாங்கொள்ளி என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.