தொடருது

அந்தப் பூட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் சாலைக் கடைத்தெருவில் இருக்கும் என் கடைக்கு டீச்சர் வந்து, நல்ல பூட்டாக ஒன்று வேண்டும் என்றார். இருப்பதிலேயே பெரிய பித்தளைப் பூட்டைத் துடைத்து, "இத ஒடைக்க இனி ஒருத்தன் பொறந்து வரணும், டீச்சர்" என்று கையில் வைத்தேன். காசு வாங்கவில்லை. வீட்டுக்கு என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

என் பெருமையை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்கு ஆணியோ மோட்டாரோ, என் கடையில் கேட்காமல் வேறு கடைக்குப் போகிறவன் சாலையில் கிடையாது. அப்படிச் சம்பாதித்ததில் ஒரு பங்கை, பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்த்து அறிவியல் படிப்பதற்காக, ஒவ்வொரு வருஷமும் ஒரு ஆசிரியருக்கு உதவித்தொகையாகக் கொடுக்கிறேன். இந்த யோசனையை எந்தப் பட்டதாரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முதலில் வாங்கியவர் இந்த டீச்சர்தான். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரர், விழிஞ்ஞத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. வகுப்பு ஜன்னலில் பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அதைப் போலச் சின்னதாக ஒன்றைக் கப்பியும் மோட்டாரும் வைத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகளே செய்து, கல்லைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே நிபந்தனைதான் போட்டேன்: பிள்ளைகள் கை அதில் பட வேண்டும். ஏன் என்பதற்கு என் கதையையும் சொன்னேன்.

சாலைக்கு வேலைக்கு வந்த முதல் நாள், கடையில் இறங்கிய ஒரு மோட்டாரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி "தொடருது" என்றார். மலையாளத்தில் அதற்குத் 'தொடாதே' என்று அர்த்தம். திருநெல்வேலியிலிருந்து அன்றுதான் வந்திறங்கிய எனக்கு அது எப்படித் தெரியும்? வேலை தொடருது என்போமே, அப்படித்தான் காதில் விழுந்தது. தொடரச் சொல்கிறார் என்று இன்னும் நன்றாகத் தடவினேன். கன்னத்தில் விழுந்தது.

டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என் கிளாஸ்ல அந்த வார்த்தையே கேக்காது அண்ணாச்சி. கொழந்தைகள் கை வெக்காட்டா பின்னே என்னத்தப் படிக்கும், சொல்லுங்கோ."

கிரேனை ஓட்டித் தொடங்கிவைத்த நாளில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் சுவிட்சில் கை வைத்திருக்கிறாள். கல் அந்தரத்தில் நிற்கிறது. சுற்றிலும் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினேன். "நன்னா ஓடிண்டிருக்கு அண்ணாச்சி" என்று டீச்சர் சொன்னதை நம்பி, மறு வருஷமும் அவருக்கே கொடுத்தேன்.

போன மாதம் விழிஞ்ஞத்தில் சரக்கு இறக்கிவிட்டு, சொல்லாமல் அந்தப் பள்ளிக்குள் நுழைந்தேன். கிரேன் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. புதுக்கருக்கு அழியவில்லை, அதில் ஒரு விரல் தடம்கூட இல்லை. அலமாரியில் என் பூட்டு. மேலே மலையாளத்தில் ஒரு பலகை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். தொ, ட, ரு, து. அதற்கு நேர் கீழே தங்க எழுத்தில் என் பெயர்.

டீச்சர் ஓடி வந்தார். "ஒண்ணு ஒடஞ்சா நானாக்கும் பதில் சொல்லணும். வெளியிலேர்ந்து பாக்க வரா, ஸ்கூலுக்கும் பேரு. உங்க பேரும் போட்டிருக்கேனே, பாத்தேளா?"

"தொறங்க டீச்சர்."

"சாவி ஹெட்மாஸ்டர்ட்ட இருக்கு. அவர் லீவு."

அந்தப் பூட்டு உடையாது என்பது எனக்கே தெரியும்.

வாசலில் நின்று பார்த்தவளை அடையாளம் கண்டுகொண்டேன். படத்தில் இருந்த பெண்தான், வளர்ந்திருந்தாள். இதை ஓட்டுவாயா என்று கேட்டேன். "அன்னு போட்டோவுக்குத் தொட்டு. பின்னே தொட்டிட்டில்ல" என்றாள். படத்துக்காகத் தொட்டதோடு சரி. அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றாள்.

"என்ன அறைஞ்ச முதலாளிகூட மறுநாள் அந்த மோட்டாரத் தொட விட்டார், டீச்சர்" என்றேன். அந்தக் கதையைக் கேட்டு அப்படிச் சிரித்தவர், அதே வார்த்தையை என் பெயருக்கு மேலே எழுதி மாட்டினாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

படத்தைக் கழற்றிவிட்டேன். நேற்று ஒரு காண்டிராக்டர் பையன் வந்து, நல்ல பூட்டாக ஒன்று கேட்டான். எதைப் பூட்ட என்று கேட்டேன். "விக்கறவங்க இதெல்லாம் கேக்கணுமா அண்ணாச்சி?" என்று சிரித்தான். சிரிக்கட்டும். அவன் பதில் சொல்கிற வரைக்கும் பூட்டு என் கையில்தான் இருந்தது.