கரி பஸ்ஸில் ஒரு பி.ஏ.

அரியலூர் ஸ்டேஷன் வாசலிலிருந்து பெரம்பலூருக்குப் போகும், யுத்தப் பெட்ரோல் பஞ்சத்தால் கரி வாயுவில் ஓடிய கரி பஸ்ஸில் 1945-இல் புதிய கண்டக்டர் சேர்ந்தார். பெயர் இளையபெருமாள். உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம். திருச்சியில் படித்து பி.ஏ. தேறியவர். அந்த வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மூட்டை தூக்க முதுகு இருந்தால் இன்னும் நல்லது.

அவருக்கு வேறு வேலை கிடைக்காமல் இல்லை. யுத்தத்தால் அரிசிக்கும் துணிக்கும் கட்டுப்பாடு வந்திருந்தது. அதைக் கவனிக்கும் சர்க்கார் சப்ளை ஆபீசில் பட்டதாரிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார்கள். அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஓராண்டு முடிவதற்குள் விட்டுவிட்டார். காலையிலிருந்து மாலைவரை ஒரே சுவரைப் பார்த்து உட்கார முடியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். அப்பா அவரோடு பேசுவதையே நிறுத்தினார். கர்ப்பமாக இருந்த மனைவி சிந்தாமணி, எந்த வேலையானாலும் சரி, இந்தத் தடவை நிலைத்து நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

பஸ் முதலாளி சிங்காரவேலுவுக்கு முதலில் தயக்கம்.

"எட்டாங்கிளாஸு போதுங்க இதுக்கு. மிச்சப் படிப்ப எங்க வெக்கப் போறீங்க?"

"வூட்டுல வெச்சுட்டு வரேங்க."

பதில் பிடித்துப்போயிற்று. ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாக முதலாளி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை தாங்காமல் ஸ்டேஷனிலும் காப்பிக் கடையிலும் சந்தையிலும் தன் பஸ்ஸுக்கு பி.ஏ. படித்த கண்டக்டர் வந்திருப்பதாகச் சொல்லித் திரிந்தார். சப்ளை ஆபீஸ் வேலையை விட்டு வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. அரியலூர்ப் பக்கத்து அரிசிக்குப் பெரம்பலூரின் வறண்ட ஊர்களில் நல்ல விலை. அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். முந்திரிக்கொட்டைக்கு அடியிலும் வெற்றிலைக் கூடைக்கு அடியிலும் நாலு படி அரிசி போய்க்கொண்டிருந்தது என்பது நடப்பு. சர்க்கார் உத்தியோகத்தை எவனாவது விடுவானா? விட்டதாகச் சொல்லிக்கொண்டு, காக்கிச் சட்டையும் விசிலுமாக ஒரு பி.ஏ. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தால் அவன் யார்? உளவுக்கு வந்த ஆள். சந்தைக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமலே இந்த முடிவுக்கு வந்தார்கள்.

முதல் அடையாளம் மரியாதை. அவர் ஏறினால் கிழவர்கள்கூட எழுந்து நின்றார்கள். புறப்படுமுன் பஸ்ஸின் பின்னாலிருக்கும் கரி அடுப்பைக் கனிய வைக்க ஒரு சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்; அவர் கைப்பிடியைத் தொட்டதும் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொண்டார்கள். மூட்டையை மட்டும் யாரும் அவரிடம் கொடுப்பதில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு மூட்டையோடு வருபவர்களே குறைந்தார்கள். பாதிப் பேர் மாட்டு வண்டி பிடித்தார்கள்.

மூன்றாவது வாரம் முதலாளி அவரைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. சனங்கள் பயப்படுவதாகவும், மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்றும், அதற்கப்புறம் தன்னைத் தப்பாக நினைக்கக் கூடாது என்றும் சொன்னார். நான் உளவாளி இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? உளவாளியும் அதைத்தானே சொல்வான்? இளையபெருமாள் அன்று வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அடுத்த சந்தை நாளன்று குன்னத்துக்குப் பக்கத்தில் சப்ளை இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு சேவகர்களோடு பஸ்ஸை மறித்தார். பெயர் செல்லதுரை. கல்லூரியில் இளையபெருமாளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

"என்னடா பெருமாளு, என்ன வேசம் இது?"

"வேசமில்லீங்க சார், வேல."

செல்லதுரை சிரித்தார். தமிழில் கொஞ்சமும் இங்கிலீஷில் நிறையவும் பேசினார். பட்டத்துக்கே கேவலம் என்றார். இப்படி ஒருவன் இறங்கினால் நாளைக்கு பி.ஏ.க்கு எவன் மதிப்புக் கொடுப்பான் என்று டிரைவரைப் பார்த்துக் கேட்டார். பிறகு இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது.

"ஏறு மேல. எல்லா மூட்டையையும் எறக்கு."

இளையபெருமாள் ஏறினார். இருந்த கொஞ்ச மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். சேவகர்கள் அவிழ்த்துக் கொட்டினார்கள். மிளகாய், வெற்றிலை, ஒரு பழைய உரல். அரிசி ஒரு மணிகூட இல்லை. இந்த பஸ்ஸில் யாரும் அரிசி கொண்டுவருவதை விட்டு நாளாயிற்று. எதுவும் அகப்படாத எரிச்சலில் செல்லதுரை, சிதறியதையெல்லாம் கண்டக்டரே பொறுக்கிக் கட்டட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். இளையபெருமாள் ரோட்டில் குந்தி மிளகாய் பொறுக்கினார். காது சிவந்திருந்தது. பயணிகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பஸ் புறப்பட்டது. சந்தை வியாபாரி பஞ்சவர்ணம்தான் ஆரம்பித்தாள்.

"ஏந்தம்பி, நீ நெசமாவே கண்டக்டருதானா?"

"ஆமாக்கா."

"உங்காபீசுல தொரத்திட்டாங்களா?"

"இல்லக்கா. நானாத்தான் வந்துட்டேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சும் புத்தி வல்லியே" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. இதுவரை எசமான் என்று அழைத்த கிழவர் ஒருவர், காலை மிதிக்காமல் நகர்ந்து நில்லுடா என்று அதட்டினார்.

செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போயிற்று. மாதக் கடைசியில் முதலாளி மாதக் கெடுவைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "இனிமே யாராச்சும் கேட்டா எட்டாங்கிளாஸுன்னே சொல்லிருங்க."

"பொய்யில்லீங்களே. எட்டாங்கிளாஸும் படிச்சிருக்கேன்."

அடுத்த சந்தைக்கு உட்கார இடமில்லை. இளையபெருமாள் கரி அடுப்பின் சக்கரத்தைத் தானே சுற்றினார்; கை கொடுக்க ஒருவரும் வரவில்லை. பிறகு பஸ்ஸின் மேலே ஏறிக் கை நீட்டினார். கீழிருந்து மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. பஞ்சவர்ணம் தன் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, உள்ளே இருப்பது பஞ்சுதான், பார்த்துப் போடு என்றாள். அதை வாங்கியபோது அவர் முதுகு ஒரு பக்கமாக வளைந்தது. பஞ்சு இவ்வளவு கனக்காது. அவர் அதைச் சாக்குகளுக்கு நடுவே தள்ளி வைத்து, கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு விசில் ஊதினார்.