ஏழாவது பாட்டு

யூன்சிலுக்கு இன்சோன் நகரத்துச் சந்தையில் அரிசி கேக் அவித்து விற்கிற கடை. மதியத்துக்குள் சரக்கு தீர்ந்துவிடும். பிறகு கையைக் கழுவிக்கொண்டு டிரம்ஸ் வாசிக்கப் போய்விடுவாள். வயது நாற்பத்தொன்று. 'ஈரச்சுவர்' என்கிற அந்த மூன்று பேர் ராக் குழுவில் மற்ற இருவரும் அவளைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவர்கள்: கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிற ஹான்கியோல், பேஸ் கிட்டார் வாசிக்கிற தொக்சூ.

முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டாவது வர நாலு வருஷமாயிற்று. அதற்குள் யூன்சிலின் புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகட்டுமே! அன்றைக்கே வாசல் பூட்டின் ரகசிய எண்ணை மாற்றினாள். மாற்றிய கையோடு உட்கார்ந்து ஒரு பாட்டும் எழுதினாள். 'நம்பரை மாத்திட்டேன், அழுத்திப் பாரு' என்று ஆரம்பிக்கும். வாழ்க்கையில் அவள் எழுதிய ஒரே பாட்டு அதுதான். அந்த இரண்டாவது ஆல்பத்தில் ஏழாவதாக அதை அவளே பாடினாள்.

சியோல் இணைய இதழ் ஒன்றில் எழுதுகிற 'நாம்' என்ற பெயருள்ள விமர்சகர் அந்த ஆல்பத்துக்கு ஐந்துக்கு இரண்டரை மார்க் போட்டார். 'ஏழாவது பாட்டு வெறும் சந்தைக் கூவல். அதை எடுத்திருந்தால் மூன்று கொடுத்திருப்பேன்' என்று எழுதியிருந்தார்.

ஹான்கியோல் இடிந்துபோனான். ஒத்திகை அறையில் நூடுல்ஸ் சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, தப்பா நினைக்காதே. சனிக்கிழமை கச்சேரிக்கு அவரு வர்றாராம். ஏழாவதை விட்டுட்டு, பழசுல ஒண்ணு வாசிச்சிடலாம்."

"அரை மார்க்குக்கு என் பாட்டை விக்கிறியாடா?"

"சந்தைக் கூவல்னு எழுதிட்டாரே அக்கா!"

"சரியாத்தான் எழுதியிருக்காரு. சந்தையில நிக்கறவ வேற எப்படிக் கூவுவா? தொக்சூ, வாயில என்ன கொழுக்கட்டையா? நீ சொல்லு."

தொக்சூ கிண்ணத்தை விட்டுத் தலையைத் தூக்காமலே ஹான்கியோல் பக்கம் கையைக் காட்டினான். இரண்டுக்கு ஒன்று. ஏழாவது பாட்டு கச்சேரிப் பட்டியலிலிருந்து போயிற்று. புருஷன் போன அந்தக் குளிர்காலத்தில் யூன்சிலை எழுந்து நடமாட வைத்ததே அந்தப் பாட்டுதான். அது இந்தப் பயல்களுக்கு எங்கே தெரியும்?

சனிக்கிழமை சாயங்காலம் அரங்கில் நூறு பேர் இருந்தார்கள். சந்தைப் பெண்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். விமர்சகர் பின்சுவரில் கைகட்டிச் சாய்ந்திருந்தார். ஆறு பாட்டு முடிந்ததும் ஹான்கியோல் தண்ணீர் குடித்துவிட்டு, "அடுத்தது உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச பழைய பாட்டு" என்று அறிவித்தான்.

ஆனால் எந்தப் பாட்டானாலும் யூன்சில் குச்சியைத் தட்டி நாலு எண்ணினால்தான் தொடங்கும். அந்தப் பழைய பாட்டுக்கு நிதானமான நாலு. அவள் விறுவிறுவென்று தட்டினாள்.

ஏழாவதின் நாலு! தொக்சூவின் விரல்கள் அதை எத்தனையோ தடவை வாசித்தவை. அவன் யோசிப்பதற்குள் அவை ஓட ஆரம்பித்துவிட்டன. ஹான்கியோல் திரும்பி முறைத்தான். முறைத்து என்ன செய்ய? பாட்டு கிளம்பியாயிற்று. வேறு வழியில்லாமல் அவனும் கிட்டாரைச் சேர்த்தான்.

யூன்சில் கூவினாள். அசல் சந்தைக் கூவல். 'நம்பரை மாத்திட்டேன்' என்ற வரி இரண்டாம் முறை வந்தபோது அரங்கமே சேர்ந்து கத்தியது. ஆல்பம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இவர்கள் எப்போது பாடம் பண்ணினார்கள்! அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள், கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, மீதியைப் பாட நூறு பேர் இருந்தார்கள். அடி மட்டும் அவள் கையில் பிசகவில்லை.

கச்சேரி முடிந்து சாமான்களைக் கட்டும்போது விமர்சகர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"போட்ட மார்க்கை மாத்த மாட்டேன்" என்றார்.

"மாத்தாதீங்க சார். சும்மாவா போட்டீங்க, கேட்டுட்டுத்தானே போட்டீங்க."

"ஆனா நானும் சேர்ந்து கத்தினேன். அதையும் எழுதிடறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

ஹான்கியோல் கிட்டார் ஒயரைச் சுற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"அக்கா, அடுத்த வாரம் புசான் கச்சேரியில அதை எத்தனாவதா வைக்கலாம்?"

யூன்சில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனாவதா வேணா எழுதிக்கோ தம்பி. எண்ணப்போறது நான்."